காசியம்மாளின் தீப்பெட்டிக் கூடை

“பேரு இன்னா சார்?” என்று கேட்டுக்கொண்டே என் சட்டைப்பையை உற்றுப் பார்க்கிறார் காசியம்மாள். நான் சிகரெட்டை விட்டு ஆறு வருடமாகிறது என்கிறேன். “எங்க, ஊதுங்க பாப்பம்” என்கிறார். ஊதுகிறேன். நம்பியதாகத் தெரியவில்லை, போனால் போகிறதென்று வழிவிடுகிறார்.

ரமணாசிரமத்துக்குப் பின்னால் மலைப்பாதை தொடங்கும் இடத்தில், தை பிறந்ததும் ஒரு ரோஸ் பிளாஸ்டிக் கூடையோடு வந்து உட்காருவார். நல்ல மழை இரண்டு பெய்கிற வரை எழுந்திருக்க மாட்டார். மரம் வளர்க்கும் குழு ஒன்று அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை இது. மலையேறுகிறவர்களின் தீப்பெட்டி, லைட்டர் எல்லாம் கூடைக்குள் போகும். கொண்டையில் செருகிய பேனாவை எடுத்து ஒவ்வொன்றின்மேலும் பெயர் எழுதி வைப்பார். இறங்கும்போது திருப்பித் தருவார். ஒரு வெள்ளைக்காரர் தன் பெயரை மூன்று முறை சொல்லியும் பிடிபடவில்லை. லைட்டரில் ஒரு தாடி வரைந்து வைத்தார். சரியான ஆளிடமே அது போய்ச் சேர்ந்தது.

எல்லோரும் அப்படிச் சுலபமாகக் கொடுத்துவிடுவதில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த புகழேந்தி என்பவர், “அக்கினி மலைல கற்பூரம் ஏத்தக் கூடாதா?” என்று மல்லுக்கு நின்றார்.

“மலையே நெருப்புதாங்க. அதுக்கு உங்க தீக்குச்சி வேற எதுக்கு? கீழ ஏத்துனா சாமிக்குக் கண்ணு தெரியாதா?”

அவரும் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

“முன்னெல்லாம் மாசி வரைக்கும் புல்லு ஈரமா இருக்கும் சார். இப்ப தையிலயே காஞ்சி கெடக்குது. மழையும் ஒரே நாள்ல கொட்டிட்டுப் போய்டுது, அப்புறம் ஆளையே காணோம். வெயிலு ஜாஸ்தி, பனி கம்மி” என்பார். போன வருடம் யாரோ பாறைமேல் ஏற்றிய கற்பூரம் காற்றில் புல்லுக்குத் தாவியது. காசியம்மாள் தினமும் குடம் சுமந்து ஊற்றி வளர்த்த நாற்பது கன்றுகள் அன்று கருகின. அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். எனக்கும் அதற்குமேல் கேட்க மனம் வந்ததில்லை.

இந்த வெள்ளிக்கிழமை புதுப்புடவையில் வந்திருந்தார். கூட மகள் சிந்துஜா. காசியம்மாள் கையில் கற்பூரப் பொட்டலம், இடுப்பில் தீப்பெட்டி. வேலூரில் மகளுக்கு நர்ஸ் வேலை கிடைத்துவிட்டதாம். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். இந்தக் காவலுக்கு வருவதற்கு முன்பே, மகளுக்கு வேலை கிடைத்தால் மலைமேல் நூற்றெட்டுக் கற்பூரம் ஏற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தாராம்.

“கீழே ஏற்றினால் சாமிக்குக் கண் தெரியாதா?” என்று சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை.

“மலை மேலன்னு வாய வுட்டுட்டேனே சார். இவளுக்கு எதுனா ஒண்ணு ஆச்சின்னா?”

பயந்துதான் போயிருந்தார். கேலி செய்ததற்கு வெட்கப்பட்டேன்.

“நான் தண்ணி எடுத்துக்கினு வரேம்மா. ஏத்தி, கும்பிட்டு, ஒடனே அணைச்சிடலாம்” என்றாள் சிந்துஜா.

சரியென்று இருவரும் ஏறினார்கள். பத்தடி போனதும் காசியம்மாள் நின்றார். இந்த வருடம் வைத்த கன்றுகள் பாதையோரம் முழங்கால் உயரத்துக்கு நின்றன. அவற்றைச் சுற்றி வைக்கோல் நிறத்தில் புல். மேலிருந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் மலை உச்சியையே பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

கற்பூரப் பொட்டலத்தை மகள் கையில் கொடுத்து, அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகக் கீழே வந்தார். இடுப்பிலிருந்த தீப்பெட்டியை எடுத்தார். கொண்டையிலிருந்து பேனாவை உருவி, பெட்டியின்மேல் ஒவ்வொரு எழுத்தாகக் ‘காசியம்மாள்’ என்று எழுதி, கூடைக்குள் போட்டார்.