கம்ப்யூட்டருக்குக் கொடுத்த அறை

என் கணவர் மின்வாரியத்தில் குமாஸ்தா. கேம் ஆடுவதற்கென்று ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி, யாரையும் தொடவிடாமல் தானே பொருத்தினார். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் பிராசஸர் கொதித்து நின்றுவிடும். முதலில் என் அடுப்பைக் குற்றம் சொன்னார். பிறகு, ஏசி இருந்த ஒரே அறையை அதற்குக் கொடுத்துவிட்டு, என்னையும் கைக்குழந்தையையும் கூடத்துக்குத் தள்ளினார். அப்போதும் சூடு அடங்கவில்லை.

பொறுக்க முடியாமல் நேற்று அவர் எதிரிலேயே பிராசஸரின் சூட்டை இழுக்க அதன்மேல் மாட்டியிருந்த கூலரைக் கழற்றினேன். அதன் அடியில், ‘மாட்டும் முன் உரிக்கவும்’ என்று எழுதிய பிளாஸ்டிக் தாள் அப்படியே ஒட்டியிருந்தது. அதை உரித்து, கூலரோடு வந்த, சூட்டைக் கடத்தும் பசையைத் தடவி மாட்டினேன். சூடு பாதியாக இறங்கியது.

மனிதர் அசடு வழிவார் என்று பார்த்தேன்.

“பாத்தியா? ஏசி ரூம்னா ஏசி ரூம்தான்! இனிமே இது இங்கயே இருக்கட்டும்” என்றார்.

குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. கூலர் வந்த அட்டைப்பெட்டியின் மூடியால் விசிறிக்கொண்டிருக்கிறேன்.