வெயில் இருந்தும் ஓடாத கிரைண்டர்

தாடிக்கொம்பில் மாவு அரைத்து விற்பவர் ரோஸ்மேரி. கணவர் கிளெமென்ட் மின்கம்பங்களில் வேலை பார்த்த ஒப்பந்தத் தொழிலாளி. மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்த ஒரு நாளில், யாரோ வீட்டில் ஓட்டிய ஜெனரேட்டரின் மின்சாரம் கம்பி வழியே பின்னோக்கிப் பாய்ந்து அவரைக் கொன்றது. எந்த வீடு என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அந்தத் தெருக்களுக்கே மாவு விற்று ரோஸ்மேரி பிழைத்தார்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுதும் மின்சாரம் நிற்கும் நாளில் ஊரில் எவரும் மாவு அரைப்பதில்லை. அந்த நாளைப் பிடித்துக்கொண்டால் தொழில் நிலைக்கும் என்று எண்ணியே அவர் மாடியில் சூரியத் தகடுகளைப் பொருத்தினார்.

"வெயில் இருக்கிற வரைக்கும் கரண்ட் இருக்கும்மா" என்றார் விற்க வந்தவர்.

திண்டுக்கல் திருமண மண்டபமொன்றின் மேலாளர் ஆசாத், தகடு பொருத்திய பின் வந்த முதல் பராமரிப்பு நாளின் மாலை விருந்துக்கு உளுந்துவடை மாவு கேட்டார். முன்கூட்டி அரைத்தால் புளித்துவிடும். குறையின்றிக் கொடுத்தால் மண்டபத்து வேலை முழுவதும் ரோஸ்மேரிக்கே என்பது பேச்சு.

அன்று காலை மின்சாரம் நின்றது, கிரைண்டரும் நின்றது. மாடியில் வெயில் கொதித்தது. வயரிங் வேலை செய்யும் பிரபு வந்து பார்த்தார்.

"பேனல்ல ஒரு கோளாறும் இல்லக்கா. பேட்டரி வச்சிருக்கீகளா?"

"அது வேண்டாம்னு சொல்லித்தான வித்தான்."

"அப்ப ஓடாது."

வெயில் பட்டதும் தகட்டின் சிலிக்கனில் எழுவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். அதை வீட்டுக்கேற்ப மாற்றித் தரும் இன்வெர்ட்டர், தெருக்கம்பியின் மின்சாரத்தோடு இசைந்தே இயங்கும். கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும்.

"ஏன் அப்படி வச்சிருக்கான்?"

"இங்கேருந்து கரண்ட் வெளிய போயி, கம்பத்துல நிக்கிற ஆள அடிச்சிரக் கூடாதுல்ல." சொன்ன பிறகே பிரபு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நல்லதுதான். இந்தப் புத்தி அன்னைக்கு எவனுக்கும் இல்லாமப் போச்சு."

வாடகை ஜெனரேட்டர்கள் எல்லாம் மண்டபங்களுக்குப் போயிருந்தன. வேறு வழியின்றி ரோஸ்மேரி ஆசாத்துக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார்.

"மாடி பூராம் கண்ணாடி வச்சிருக்கீகளேம்மா, மூஞ்சி பாக்கவா?" என்றார் ஆசாத். "விடுங்க, வேற ஆளப் பாத்துக்கிறேன். இனி இந்தப் பக்கம் வர வேணாம்."

ஊறிய உளுந்தை ரோஸ்மேரி வடித்துக்கொண்டிருந்தபோது, வாசலுக்கு எதிர்க் கம்பத்தின் மேலிருந்து மின் ஊழியர் ஒருவர் அழைத்தார்.

"யக்கா, செத்த தண்ணி குடுங்க. உங்களுக்கென்ன, சோலார் வீடு. பிரிட்ஜ் தண்ணியாவே குடுங்க."

ரோஸ்மேரி மாடித் தொட்டிக் குழாயில் ஒரு சொம்பு பிடித்துக் கொடுத்தார். இறங்கி வந்து வாங்கிக் குடித்தவர், தண்ணீர் சுடுகிறதென்று குறைபட்டுக்கொண்டார்.