எட்டுக்குக் கழிவு இல்லை

முதலில் சீட் பெல்ட்டைத்தான் இழுப்பார். பாதியோடு விடமாட்டார். உள்ளே சுருண்டு கிடக்கும் கடைசி முழமும் வெளியே வரும்வரை இழுத்து, அந்த முனையை மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். வெள்ளத்தில் முங்கிய வண்டியை எத்தனை முறை வேண்டுமானாலும் கழுவலாம், பெல்ட்டின் அடிமுனையில் படிந்த சேற்றுக்கோடு மட்டும் போகாது என்பது கமாலுதீனின் சித்தாந்தம். "கடலூர் ஜில்லாவுல முங்காத வண்டியும் கம்மி, முங்கினத ஒத்துக்கினவனும் கம்மி" என்பார்.

மந்தாரக்குப்பத்தில் பழைய கார்களுக்கு மதிப்புச் சொல்வது அவர் தொழில். புரோக்கர் என்று யாராவது சொன்னால் முகம் சிவந்துவிடும். புரோக்கருக்கு விலையில் பங்கு உண்டு. கமாலுதீனுக்குச் சின்னக் காரோ பெரிய காரோ கூலி ஒன்றே. வாங்குகிறவரிடம் ஒரு விலை, விற்கிறவரிடம் ஒரு விலை என்ற பேச்சும் இல்லை. இருவரையும் வண்டியின் முன் நிறுத்தி, பானெட்டில் படிந்திருக்கும் தூசியில் ஆள்காட்டி விரலால் விலையை எழுதுவார். அதற்காகவே, தாம் வரும்வரை வண்டியைக் கழுவக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். சாம்பலும் நிலக்கரித் தூசியும் பறக்கும் நெய்வேலியில் ஒரு ராத்திரி வெளியே நின்ற காருக்கு எழுத்துப்பலகை தானாகக் கிடைத்துவிடும். எழுதிய விலையை அவர் அழித்துப் பார்த்தவர் கிடையாது.

இந்தத் தூசிக்கு நடுவே அவர் உடுத்துவது வெள்ளைச் சட்டை. வண்டிக்கு அடியில் போகும்போது மட்டும் பழைய கல்யாண ஃபிளெக்ஸ் ஒன்றை விரித்துக்கொள்வார். மணமக்கள் யாரென்று அவருக்கே தெரியாது. இத்தனை வருஷமாக அவர்கள் சிரித்த முகத்தோடு அவர் முதுகைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் பார்ப்பது மூன்று: ஓடிய தூரம், இருக்கும் நிலை, கேட்கும் விலை. தூரம் காட்டும் மீட்டரை அப்படியே நம்பமாட்டார். பெடல் ரப்பரின் தேய்மானம், ஸ்டியரிங் தோலின் மினுமினுப்பு, ஏறி இறங்கி நைந்த சீட் ஓரம் எல்லாம் மீட்டரோடு ஒத்துப்போக வேண்டும். கதவுத் திருகாணியில் பெயின்ட் சிதைந்திருந்தால் வண்டி எங்கோ மோதியிருக்கிறது என்பார். டயரின் பட்டையைவிட அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் வயதைத்தான் முதலில் படிப்பார். 'டவுன்ஷிப் வண்டி, குவார்ட்டர்ஸுக்கும் மைன்ஸுக்கும்தான் ஓடிச்சு' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அவருக்குச் சிரிப்பு வரும். இன்ஜின் சூடாவதற்குள் அணைத்துவிடுகிற வண்டி, ஷெட்டில் நின்றே கிடக்கிற வண்டி, இரண்டும் உள்ளுக்குள் கெடும். "ஓடுற வண்டிக்குத் தேய்மானம், நிக்கிற வண்டிக்குச் சாவு" என்று சொல்லி, குறைந்த கிலோமீட்டருக்காகக் கூடுதல் விலை கேட்பவர்களின் வாயை அடைப்பார்.

நான்காவதாக ஒன்றை அவர் பார்ப்பதில்லை. நம்பர் பிளேட்டின் எண்களைக் கூட்டி எட்டு வந்தால் சனி பிடித்த வண்டி என்று விலையைக் குறைப்பது இந்தச் சந்தையில் எழுதாத சட்டம். படித்தவர்களும் கூட்டுகிறார்கள், மாபெரும் இயந்திரங்களை இயக்குகிறவர்களும் கூட்டுகிறார்கள். கமாலுதீன் எட்டுக்கு ஒரு பைசா கழிக்கமாட்டார். தம் பக்கத்து ஆட்களுக்கும் சலுகை கிடையாது. 786 என்ற எண்ணுக்காகக் கூடுதலாகக் கேட்ட சொந்த மச்சானிடம், "அந்த நம்பரு பெட்ரோல் இல்லாம ஓடுமா மச்சான்?" என்று கேட்டார். மச்சான் வீட்டு விருந்து அந்த வருஷம் அவருக்கு இல்லாமல் போயிற்று.

போன மாதம் சந்திரா அம்மாளின் வண்டிக்குப் போனார். கறுப்பு ஸ்போர்ட்ஸ் கார்: இரண்டே கதவு, இரண்டே சீட்டு, திறந்து மூடும் துணிக்கூரை. அவருடைய கணவர் அசோக்குமார் மைன்ஸில் இன்ஜினீயர். வாழ்நாள் ஆசையாகச் சென்னையில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் பார்த்துவைத்திருந்த வாடகை வீட்டின் வாசலில் ஸ்கூட்டருக்குத்தான் இடம். காலி செய்வதற்குள் கார் நல்ல விலைக்குப் போனால்தான் புது வீட்டு அட்வான்ஸும் மிச்ச வாழ்க்கையும். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் நம்பரைக் கூட்டினார்கள். எட்டு. பிறகு சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தார்கள். எட்டுக்கு ஒரு கழிவு, இறந்தவருக்கு ஒரு கழிவு.

அன்று வாங்க வந்தவர் கம்மாபுரம் பக்கத்துக் காண்ட்ராக்டர் கண்ணையன். மைன்ஸுக்குக் கூலியாட்களை அனுப்புகிறவர், விரலுக்கு ஒரு ராசிக்கல் போட்டவர். கண் வண்டியை விட்டு நகரவில்லை. வாய் மட்டும் குறை சொல்லிக்கொண்டே இருந்தது.

கமாலுதீன் பெல்ட்டை இழுத்தார், முகர்ந்தார், திருப்தியானார். ஃபிளெக்ஸை விரித்து அடியில் போய் வந்தார். ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் இடையே இடம் போதாமல் டிரைவர் சீட்டை ஒரு ஜாண் பின்னால் தள்ளி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் உறுமி எழுந்தது. பிரேக் தட்டுகளில் துரு இல்லை. விற்பதற்காக மெக்கானிக்கை வைத்து ஓட்டித் தயார்செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். சார் எப்படி ஓட்டுவார் என்று கேட்டார். மெதுவாகத்தான் ஓட்டுவார் என்றார் சந்திரா. கமாலுதீன் பானெட்டில் விலையை எழுதினார்: பதினாலு லட்சம். டயர்களுக்கு வயதாகிவிட்டது, கூரை மடிப்பில் சாம்பல் புகுந்து தையலை அறுத்திருக்கிறது, ஷெட்டிலேயே நின்ற இன்ஜின் என்று காரணங்களை அடுக்கினார். சந்திராவின் முகம் வாடியது.

கண்ணையனுக்கு அதுவும் அதிகம். "பதினொண்ணுன்னா இப்பவே எடுத்துக்கினு போறேன் பாய். எட்டாம் நம்பரு. போதாததுக்குத் துக்க வூட்டு வண்டி."

"எட்டு எந்த இடத்துல தேஞ்சிருக்குன்னு காட்டுங்கண்ணே, கழிச்சிடுறேன்."

"வெளையாடாத பாய். எட்டு எனக்கு ஆவாது."

"உங்க ஆளுங்க மைன்ஸ்ல எட்டு மணி நேரம் ஷிஃப்ட்டு பாக்குறாங்க. அதுல வர்றது மட்டும் ஆவுதாண்ணே?"

கண்ணையன் சிரித்து மழுப்பினார். பதினாலுக்கே முடிக்கலாம், ஆனால் ஒரு சாங்கியம் என்று குரலைத் தாழ்த்தினார். "சாவிய இந்தம்மா கையால வாங்கமாட்டேன். பக்கத்து வூட்டுல யாராச்சும் சுமங்கலி இருந்தா வரச் சொல்லுங்க." அதைச் சந்திராவின் முகத்துக்கு நேரே, வானிலை சொல்வதுபோலச் சொன்னார். ஒருத்தியின் துக்கத்தைக் காட்டி விலையைக் குறைக்கலாம், அவள் கை மட்டும் படக் கூடாது. எந்த ராசிக்கல்லும் இந்த அழுக்கைக் காட்டிக்கொடுப்பதில்லை.

அதுவரை கேட்டின் அருகே நின்றிருந்த சந்திரா வண்டியின் பக்கம் வந்தார். கண்ணையனைப் பார்க்கவில்லை. பானெட்டில் எழுதியிருந்ததைப் பார்த்தார்.

"பாய், இது நின்ன வண்டின்னு சொன்னீங்கல்ல. அவருக்குப் பக்கவாதம் வந்தப்புறம் அவர் ஸ்டியரிங்கத் தொட்டதே இல்ல. நான்தான் ஓட்டினேன். தினம் சாயங்காலம் டவுன்ஷிப்ப ஒரு சுத்து, ஞாயித்துக்கெழம கடலூர் பீச் வரைக்கும். அவர் பக்கத்துல உக்காந்து, கியர் மாத்தற சத்தத்துக்கு மார்க் போடுவார். அவர் போனப்புறமும் ஓட்டாம விட்டதில்ல."

"நான் கேட்டப்ப சொல்லலியேம்மா?"

"சார் எப்படி ஓட்டுவார்னு கேட்டீங்க. அதுக்குச் சொன்னேன்."

துருவில்லாத பிரேக் தட்டைக் கமாலுதீனின் கண் அப்போதே பார்த்தது. உறுமி எழுந்த இன்ஜினை அவர் காது கேட்டது. ஸ்டியரிங்கை ஒட்டி நின்ற சீட்டை அவர் கையே பின்னால் தள்ளியது. அத்தனை சாட்சியையும் தள்ளிவிட்டு, டவுன்ஷிப் வண்டி என்றால் நின்றுதான் கிடக்கும், சார் வண்டி என்றால் சார்தான் ஓட்டியிருப்பார் என்று முடிவு கட்டியிருந்தார். நம்பரைக் கூட்டிப் பார்க்கிறவர்கள் செய்வதும் அதைத்தான்.

மறுபடி பானெட்டைத் திறந்தார். ஆயில் அளவுகோலை உருவி, துணியில் துடைத்து, மீண்டும் முக்கி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓடுகிற வண்டியின் ஆயில்தான். மூடிவிட்டுத் தாம் எழுதியதை உள்ளங்கையால் அழித்தார். பக்கத்தில் தூசி கலையாத இடத்தில் எழுதினார்: பதினைந்து.

"எழுதினா அழிக்கமாட்டேன்னு ஊர் பூரா சொல்லிகினு திரியிறியே" என்றார் கண்ணையன்.

"இதுவரைக்கும் அழிச்சதில்லண்ணே. இன்னிக்கி ஆதாரம் வந்துச்சு, அழிச்சேன். எட்டுக்கு எதுனா ஆதாரம் இருந்தா எடுத்துகினு வாங்க, அதுக்கும் அழிக்கிறேன்."

கண்ணையன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பின்விளக்கைத் தடவினார். தூக்கி எறிந்துவிட்டுப் போகிறவரின் நடை இல்லை அது. ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டச் சொன்னார். பிடித்திருந்தால் பதினைந்துக்கே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். கமாலுதீன் ஓட்டுவார் என்ற நினைப்பில் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார். இந்த வண்டியில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை.

கமாலுதீன் வலப்பக்கக் கதவைத் திறந்தார். ஏறவில்லை. உள்ளே குனிந்து, சீட்டுக்கு அடியிலிருந்த பிடியைத் தூக்கி, தாம் பின்னால் தள்ளிய அந்த ஒரு ஜாணை முன்னால் இழுத்தார். சீட்டு தன் பழைய இடத்தில் 'டக்'கென்று பொருந்தியது. வெள்ளைச் சட்டையின் நுனியால் சாவியைத் துடைத்துச் சந்திராவிடம் நீட்டினார்.