ஆரோக்கியசாமி அண்ணன் எண்ணிய குமிழிகள்

ஆரோக்கியசாமி அண்ணன் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது, விழுப்புரத்தில் அவர் தொட்டியில் வளர்த்து, செத்துப்போன பவளங்களை நான் வாளியில் அள்ளிக்கொண்டிருந்தேன். சதை கூழாகி வழிந்தது. அழுகிய முட்டை நாற்றம். கையைக் கழுவிவிட்டுத்தான் அழுதேன். அந்தக் கையைப் பார்க்க இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு திருமண மண்டபத்து வரவேற்பறையில் இருந்த கடல்நீர்த் தொட்டியை நாங்கள் இருவரும் ஆறு வருடம் பராமரித்தோம். பவளம் வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்கென்று கால்சியம் ரியாக்டர் உண்டு. பவளக்கல் நிரப்பிய குழாய்க்குள் கரியமில வாயு குமிழியாகப் போகும். கல் கரைந்து, சத்துநீர் தொட்டியில் சொட்டும். வாயு குறைந்தால் பவளம் பட்டினி கிடக்கும். கூடினால் தண்ணீர் புளித்து எல்லாம் சாகும்.

அண்ணன் கடிகாரம் பார்க்க மாட்டார். மாதாவுக்குச் சொல்லும் அருள்நிறை மந்திரம் ஒன்றை நிதானமாகச் சொல்லி முடிப்பதற்குள் பன்னிரண்டு குமிழி போக வேண்டும், அவ்வளவுதான். வால்வைத் துளி திருப்பினாலும் மறுநாள்வரை தொட மாட்டார். "ஜல்தி வளர வைய்யா, முகூர்த்தம் வருது" என்று மண்டபத்து முதலாளி பிடுங்குவார். "அது இன்னா கோழியா சார்? அதும்பாட்டுக்கு வளர்ந்துக்கினு இருக்கும், வுடுங்க" என்பார் அண்ணன்.

போன மாதம் நெஞ்சுவலியில் படுத்தார். "புது சிலிண்டர் மாட்டிடு. மந்திரத்த மெதுவா சொல்லுடா" என்று என்னிடம் சொன்னார்.

ஜெபமாலையைச் சின்ன வயதிலிருந்தே கடகடவென்று ஒப்பித்துப் பழகிய வாய் எனக்கு. பஸ் பிடிக்கும் அவசரம் வேறு. நான் சொல்லி முடிப்பதற்குள் ஆறு குமிழிதான் போனது. வால்வைத் திறந்து பன்னிரண்டாக்கிவிட்டுக் கிளம்பினேன். நான்கு நாள் கழித்துப் போனால் தொட்டி முழுக்கச் சாவு.

நான் அண்ணனைப் பார்க்கப் போயிருந்தபோது முதலாளி ஆஸ்பத்திரிப் படுக்கைக்கே போன் போட்டார். "யோவ், உன்ன நம்பி வுட்டதுக்கு மண்டபமே நாறுதுய்யா!"

அண்ணன் என்னைப் பார்த்தார். "சரியாத்தான எண்ணுன?"

"எண்ணுனேண்ணே."

"அப்ப நான் சொன்ன கணக்குதான் தப்பு போல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாளில் போய்விட்டார்.

மாலையோடு வந்த முதலாளி, சவப்பெட்டியருகே நின்று, "நல்ல மனுஷன், கடைசில கணக்கு தப்பிட்டாரு" என்றார். அண்ணன் மனைவியின் முன்னால்! எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். த்தூ, நானும் ஒரு மனிதன்!

கல்லறையில் எல்லோரும் அருள்நிறை மந்திரம் சொன்னார்கள். என் வாய் வழக்கம்போல முந்தி முடித்துவிட்டு நின்றது.

அண்ணே, நான் வேகமாகச் சொன்னேன். உங்களிடம் பொய்யும் சொன்னேன். பன்னிரண்டுதான் சரி. போய் வாருங்கள்.