சூட்டிக்குப் பிடித்தது விசர் இல்லை

போன வருடம் சித்திரை வெயில் கொளுத்திய ஒரு சனிக்கிழமை காலை, கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். காலடியில் சூட்டி. பொமரேனியன் கலப்பு நாய், ஒரு தலையணை அளவுகூட இருக்கமாட்டான். தேங்காய்ப்பூ கீழே சிந்துமா என்று பார்த்துக்கொண்டிருந்தவன், திடீரென்று சுவரை வெறித்தான். அடுத்த நிமிடம் பக்கவாட்டில் விழுந்து, நான்கு கால்களாலும் நீச்சலடிப்பதுபோல் உதைக்கத் தொடங்கினான். தாடை சப்புக்கொட்டியது. வாயில் நுரை. நிலமெல்லாம் சிறுநீர்.

நான் பயந்த சுபாவக்காரி. துறைமுகத்தில் வேலை செய்யும் என் கணவர் போனை எடுக்காவிட்டால், அவர் மேல் கிரேன் விழுந்துவிட்டது என்றே நினைப்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், தேடிப் படிக்கவும் வராது. யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவேன். அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பும் சூட்டிக்கு இப்படி வந்தபோது, மீன் முள் சிக்கிவிட்டது என்று நானே முடிவு செய்து, அவன் எழும்பியதும் சோற்று உருண்டை கொடுத்தேன். அகோரப் பசியோடு விழுங்கினான். முள் இறங்கிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

இந்தமுறை என் அலறலைக் கேட்டு பக்கத்து வீட்டு அன்ரி ஓடிவந்தார். கேற்றுக்கு உள்ளே வரவில்லை.

“கிட்டப் போகாத பிள்ள! நுரை தள்ளுது பார். விசர்! முனிசிபலுக்குச் சொல்லி பிடிச்சிட்டுப் போகச் சொல்லு!”

வெறிநாய் நோய்க்கும் பைத்தியத்துக்கும் எங்களூரில் விசர் என்றுதான் பெயர். பிடித்துக்கொண்டு போனால் திரும்பி வரமாட்டான் என்பது தெரியும். முந்தின நாள் அவன் என் கையை நக்கியதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. சூட்டி எழும்பித் தள்ளாடிப் போய்க் கதவில் முட்டிக்கொண்டான். எங்களை யாரென்றே தெரியாதவன்போல் பார்த்தான். கடைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்த கணவரிடம் அழுதேன்.

“எனக்கும் விசர் வந்தா என்னப்பா செய்றது?”

“உனக்கு வந்தா ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. நீ அழாம வா, டொக்டர்ட்ட போவோம்.”

அவரோடு வேலை செய்பவர் ஒருவர் சொன்ன மிருக வைத்தியசாலை வெள்ளவத்தையில் இருந்தது. சூட்டியைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திரீவீலில் போனோம். டொக்டர் சிங்களவர் என்று கேள்விப்பட்டிருந்ததால், வழியெல்லாம் சிங்களத்தில் வசனம் அமைத்துக்கொண்டே போனேன். கடையில் சாமான் வாங்க என் சிங்களம் போதும். நோய் சொல்லப் போதாது. விசருக்குச் சிங்களத்தில் ‘பிஸ்ஸு’ என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். அது போதுமென்று நினைத்தேன்.

உள்ளே போனதும், நிறைந்திருந்த சனத்துக்கு நடுவில் நின்று ஒரே மூச்சில் சொன்னேன்.

“டொக்டர், அப்பே பல்லாட்ட பிஸ்ஸு ஹெதிலா!”

எங்கள் நாய்க்கு விசர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் நடந்ததைப் பார்க்கவேண்டும். வாங்கிலில் இருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். ஒரு பெண் பூனைக் கூடையைத் தலைக்கு மேலே உயர்த்தினார். பெரிய அல்சேஷனோடு வந்திருந்த ஐயா, அல்சேஷனை அங்கேயே விட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டார்.

டொக்டர் இளம்பெண். பதறாமல் எங்களைத் தனியாக உள்ளே கூப்பிட்டு, நடந்தது என்ன என்று கேட்டார். ‘பிஸ்ஸு’வோடு என் சிங்களம் முடிந்திருந்தது. கணவரைப் பார்த்தேன்.

“நீதானே பார்த்தனீ, நீயே சொல்லு” என்றார்.

வேறு வழியில்லாமல் நிலத்தில் பக்கவாட்டில் படுத்தேன். கால்களை உதைத்தேன், தாடையைச் சப்புக்கொட்டினேன். கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. டொக்டர் சிரிக்கவில்லை. கழுத்து பின்னுக்கு வளைந்ததா என்று சைகையில் கேட்டார். வளைத்துக் காட்டினேன்.

“ஆ! அக்கே, மே வலிப்புவ நே!”

“ஓம், ஓம்! வலிப்பு, வலிப்பு!” என்று படுத்தபடியே கத்தினேன்.

இது வலிப்புத்தானே என்கிறார். எங்கள் சொல்! வழியெல்லாம் நான் தேடிய சிங்களச் சொல் என் வாயிலேயே இருந்திருக்கிறது. விசர் என்று கேட்ட பயத்தில் அது என் நினைவுக்கே வரவில்லை.

அதன்பிறகு சிங்களமும் அரைகுறைத் தமிழும் கலந்து டொக்டர் விளங்கப்படுத்தினார். தடுப்பூசி ஒழுங்காகப் போட்டிருக்கிறது, முதல்தடவை வந்த பிறகும் ஒரு மாதம் நல்லாகவே ஓடித் திரிந்திருக்கிறான், ஆகவே இது விசர் இல்லை. கதவில் முட்டுவதும் அகோரப் பசியும் வலிப்பு விட்ட பிறகு வருபவைதான். சூட்டியைச் சோதித்து, இரத்தம் எடுத்து, காலையும் மாலையும் கொடுக்கக் குளிசை எழுதினார். சுகமாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். இனி வந்தால் வாய்க்குள் கை வைக்காமல், இடிபடும் சாமான்களை விலக்கிவிட்டுச் சத்தமில்லாமல் பக்கத்தில் இருக்கவேண்டும், போனில் வீடியோ எடுக்கவேண்டும். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டாலோ, அடுத்தடுத்து வந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும்.

“வீடியோ எடுத்தா, அக்கா நடிக்க வேணாம்” என்று கடைசியில்தான் சிரித்தார்.

குளிசையைப் பாண் துண்டுக்குள் மறைத்துக் கொடுக்கிறேன். சிலவேளை பாணைத் தின்றுவிட்டுக் குளிசையை என் செருப்புக்குள் துப்பிவைப்பான், அதனால் விழுங்கும்வரை வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். இடையில் ஒருதடவை வலிப்பு வந்தது. அப்போது நான் அலறவில்லை. சாமான்களை விலக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவனையே பார்த்துக்கொண்டு எடுத்ததில் வீடியோவில் பாதி என் கால்தான் விழுந்திருந்தது, ஆனாலும் டொக்டருக்கு அது போதுமாக இருந்தது.

என் பயந்த சுபாவம் இன்றுவரை மாறவில்லை. ஆனால் எதையாவது கண்டு பதறும்போதெல்லாம், ஊர் சொல்லும் பெயரை நம்பி அழுவதற்கு முன்னால், விஷயம் தெரிந்தவர் ஒருவரிடம் போய், வெட்கத்தை விட்டு நிலத்தில் படுத்துக் காட்டியாவது, அதன் சரியான பெயரைக் கேட்கவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.