வயிறு தரை தட்டிய வண்டி

கொள்ளு வறுபடும் வாசனை வந்தால் இப்போதும் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றுவிடுகிறேன். என் வீட்டுக்காரர் உள்ளே போய்க் கிளறிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் கருகலையே" என்பார். அந்த வாசனையை நான் ஓடும் காருக்குள் உட்கார்ந்து முகர்ந்திருக்கிறேன். பக்கத்தில் என் மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள்.

அது எங்கள் கார்தான். ஏரியூரில் எங்கள் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நின்ற பழைய டீசல் அம்பாசிடர். நிலக்கடலை மூட்டையை ஏற்றிக்கொண்டு வரப்பு மேலும் ஓடைக்குள்ளும் போய்வரும். அடியில் கோழி குஞ்சுகளோடு படுத்திருக்கும், அவ்வளவு உயரம். மகளுக்குத் திருமணமானபோது மாதா கோவில் வாசலில் வைத்து அதன் சாவியை மாப்பிள்ளையிடம் கொடுத்தார் என் வீட்டுக்காரர். மாப்பிள்ளை கேட்கவில்லை. இவருக்குத்தான் ஆசை.

மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். விசாரித்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் என்ன செய்வார் என்று யாரும் விசாரிக்கவில்லை.

அடுத்த ஆவணியில் விடுமுறைக்கு அவர்கள் வந்தபோது தெருமுனையில் ஒரு சத்தம் கேட்டது. சாக்கடைக்குக் குறுக்கே போட்ட கல்லில் இரும்பு தேய்கிற சத்தம். பல் கூசியது. மகள் இறங்கி நடந்து வந்தாள். அவள் பின்னால் கார் ஊர்ந்து வந்தது.

"என்னங்க மாப்ள, வண்டி படுத்துக்கிச்சு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"டர்போ மாட்டியிருக்கேன் மாமா" என்றார் மாப்பிள்ளை. முகமெல்லாம் சிரிப்பு. "சைலன்சர் வழியா வீணாப் போற புகைய வச்சே ஒரு காத்தாடியச் சுத்த விடறோம். அது இன்ஜினுக்குள்ள காத்த அடிச்சு ஏத்தும். பிக்கப் எப்படி இருக்குன்னு நீங்க ஓட்டிப் பாக்கணும்."

பெங்களூரில் பழைய இரும்புக் கடையில் கிடந்த ஏதோ வெளிநாட்டு வண்டியின் உறுப்பு அது. எங்கள் காரில் அதற்கு இடம் இல்லை. அதனால் அதைத் தாழ்த்தித் தொங்கவிட்டு, அதிலிருந்து வரும் குழாயை வாழைத்தண்டு பருமனுக்குச் செய்து, அடிச்சட்டத்துக்கும் கீழே இறக்கி ஓட்டியிருந்தார்கள். வேகத்தில் வண்டி ஆடக் கூடாதென்று பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டையையும் கழற்றிவிட்டார்களாம். முன்பு கோழி படுத்திருந்த இடத்தில் என் கை நுழையவில்லை.

அந்த விடுமுறை முழுக்க அவர் வண்டிக்கு அடியில்தான் கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் மண்ணெண்ணெயில் கையைக் கழுவிக்கொண்டு வருவார். நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருக்கும். அந்தக் கையால் சோற்றைப் பிசைந்துகொண்டு, எத்தனையாவது கியரில் விசில் சத்தம் கேட்கும் என்று சொல்லுவார். குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவேன். மாப்பிள்ளையிடம் எங்கள் வீடுகளில் யாரும் எதுவும் சொல்வதில்லை. காபி ஆறிவிட்டதா என்று கேட்கலாம். அவ்வளவுதான்.

ஞாயிறு பூசைக்குப் பென்னாகரம் போனோம். பள்ளிக்கூடத்து வேகத்தடை வந்ததும் வண்டி நின்றது.

"அத்தை, கொஞ்சம் எறங்குங்க. ஆள் எறங்குனா வண்டி தூக்கிக்கும்."

பட்டுப்புடவையோடு இறங்கி, மேட்டைக் கடந்து நடந்து, மறுபடியும் ஏறினோம். அடுத்த மேட்டில் மறுபடியும் இறங்கினோம். எதிரே ஒரு டவுன் பஸ் நின்றிருந்தது. அதன் ஜன்னலில் இருந்த ஒருத்தி கேட்டாள்: "ஏம்மா, காரு உங்களத் தூக்கிட்டுப் போவுதா, நீங்க காரத் தூக்கிட்டுப் போறீங்களா?" பஸ்ஸே சிரித்தது. என் மகளும் சிரித்தாள். அப்போது அவளுக்கு நான்கு மாதம்.

"உன்னையுமாடி எறக்கி வுடறாரு?" என்று அவள் காதோடு கேட்டேன்.

"பழகிடுச்சும்மா" என்றாள்.

எனக்கு அந்தப் பதில்தான் தாங்கவில்லை.

முதல் பிரசவம் தாய்வீட்டில். மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு நாள் காலை, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்தாள். தருமபுரியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்து வைத்திருந்தோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பலாம் என்றேன்.

"பஸ்ஸா? வண்டி வாசல்ல நிக்குதே அத்தை! பஸ் பென்னாகரம் தாண்டறதுக்குள்ள நாம தருமபுரில இருப்போம்."

என் வீட்டுக்காரர் முன்கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார்.

"மாமா, நீங்க பஸ்ல வந்துடுங்களேன். ஆள் குறைஞ்சா வண்டி கொஞ்சம் தூக்கலா நிக்கும்."

இவர் காலை வெளியே எடுத்துக்கொண்டார். தன் மகளின் முதல் பிரசவத்துக்கு, தான் கொடுத்த வண்டியில் இவருக்கு இடம் இல்லை. என்னையும் மாப்பிள்ளை ஒரு பார்வை பார்த்தார். நான் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

முதல் மேட்டில் நான் மட்டும் இறங்கினேன். அப்படியும் அடியில் தட்டியது. அடுத்த மேட்டில் அவர் திரும்பி மகளைப் பார்த்தார்.

"ஒரே நிமிஷம். குழாய் ஒடுங்கிடும்."

அவள் இறங்கினாள். வலி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விட்டதும், என் தோளில் கைபோட்டு அந்த மேட்டின் மேல் ஏறி இறங்கினாள். அவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டு வண்டியை நகர்த்தினார். அவர் பார்த்தது சக்கரத்துக்கும் மேட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியை.

அது தை மாதம். எங்கள் பக்கத்தில் கொள்ளு பிடுங்கினால் களம் தேடுவதில்லை. காய்ந்த கொடியைத் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி மிதிக்கும். ஓரத்தில் பெண்கள் கவைக்கோலோடு நின்று புரட்டிப் போட்டு, கடைசியில் கொள்ளைக் கூட்டி அள்ளுவார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. எங்கள் காரும் எத்தனையோ தை மாதங்களில் அப்படி மிதித்துக்கொண்டு போயிருக்கிறது.

பென்னாகரத்துக்கு முன்னால் ஒரு நீண்ட பரப்பு. அப்போதுதான் கொட்டியிருந்தார்கள், முழங்கால் உயரம் இருக்கும். ஒரு வயதான அம்மா கையை ஆட்டிக் கூப்பிட்டாள். "ஏறிப் போங்க சாமி, நல்லா ஏறிப் போங்க!"

மாப்பிள்ளை ஏறினார். வண்டிக்கு அடியில் முதல்முறையாக இரும்புச் சத்தம் இல்லை. மெத்தையில் போவது போல இருந்தது. எனக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. பரப்பு முடிந்து வெறும் சாலை வந்த பிறகும் அந்த மெத்தென்ற உரசல் சத்தம் நிற்கவில்லை. கொடி எங்களோடு வந்துகொண்டிருந்தது.

பிறகு வாசனை வந்தது. சட்டியில் கொள்ளு போட்டு வறுப்பது போல.

பின்னால் பெண்கள் ஓடி வந்தார்கள். கவைக்கோலைத் தூக்கிக்கொண்டு கத்தினார்கள்.

"கொடிய இழுத்துக்கிட்டு வந்துட்டோம்ல, அதுக்குத் திட்டறாங்க" என்று சொல்லி மாப்பிள்ளை இன்னும் அழுத்தினார். விசில் சத்தம் கேட்டது.

என் செருப்புக்கு அடியில் சுட்டது. குனிந்து பார்த்தேன். ரப்பர் விரிப்பின் ஓரத்திலிருந்து புகை நூல் நூலாக வந்தது.

"நிறுத்துங்க! மாப்ள, நிறுத்துங்க!"

"இதோ, அந்த வளைவு தாண்டி..."

"நிறுத்துய்யா!"

மகளை எப்படி வெளியே இழுத்தேன் என்று எனக்கு நினைவில்லை. என் வளையல் உடைந்து அவள் கையில் கீறியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். புளியமரத்தடியில் அவளை உட்கார வைத்துவிட்டுத் திரும்பினால், வண்டியின் வயிற்றுக்குக் கீழே முழுக்க நெருப்பு. சிவக்கக் காய்ந்த அந்தக் குழாயில் காய்ந்த கொடி சுற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் அதன் மேல் உட்கார்ந்து வந்திருக்கிறோம்.

பெண்கள் வந்து சேர்ந்தார்கள். கவைக்கோலால் எரிகிற கொடியை இழுத்து எறிந்தார்கள். முந்தானையில் மண்ணை அள்ளிக் கொட்டினார்கள். எங்களைக் கைகாட்டிக் கூப்பிட்ட அம்மா குடிதண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மகளிடம் ஓடி வந்தாள். மாப்பிள்ளை குறுக்கே பாய்ந்து குடத்தைப் பிடுங்கினார். பானெட்டைத் தூக்கி, டர்போ மேல் கவிழ்த்தார்.

"ஏய்யா, பொண்டாட்டி அங்க கெடக்கறா, இரும்புக்குத் தண்ணி ஊத்தறியே!" என்று அந்த அம்மா கத்தினாள்.

காய்ந்த இரும்பு டிக்கென்று வெடித்தது. அவர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். அதுவரை அவர் புளியமரத்தின் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பஸ் வந்தது. பெண்கள் சாலைக்கு நடுவில் நின்று மறித்தார்கள். முன் சீட்டு ஜன்னலில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். எரிந்த வண்டியையும் மரத்தடியில் மகளையும் பார்த்துவிட்டு எழுந்தார். அவர் சீட்டில்தான் மகளைப் படுக்க வைத்தோம். தருமபுரி வரையில் எத்தனையோ மேடுகள். எதற்கும் யாரும் இறங்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் பேத்தி பிறந்தாள். மாப்பிள்ளை வந்தபோது அவர் சட்டையில் கருகிய ரப்பர் வாசனை. குழந்தையைத் தூக்கக் கை நீட்டினார். "குளிச்சுட்டு வாங்க" என்றேன்.

ஞானஸ்நானம் முடிந்து சில வாரம் கழித்துத் தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போக வந்தார். தெருமுனையில் அதே சத்தம். நான் திடுக்கிட்டு வாசலுக்கு வந்தேன்.

"வேற டர்போ போட்டுட்டேன் அத்தை. பயமே வேண்டாம். குழாய்க்கு அடியில கெட்டியாத் தகடு அடிச்சிருக்கேன். இனிமே ஒரு துரும்பு ஒட்டாது."

நான் தெருவில் மண்டிபோட்டுக் குனிந்து பார்த்தேன். அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள், பார்க்கட்டும். தகடு அடித்ததில் வண்டி இன்னும் இறங்கியிருந்தது. தகட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும். தகட்டின் விளிம்பில் ஏற்கெனவே வைக்கோல் சொருகிக்கொண்டிருந்தது. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டேன்.

"கொழந்தை இதுல ஏறாது" என்றேன்.

"என்ன அத்தை, சின்ன விஷயத்துக்குப் போயி..."

"ஏறாதுங்க மாப்ள. நீங்க இத வச்சு என்ன வேணா பண்ணுங்க. எம் பேத்தி ஏறாது. எம் மவளும் ஏற மாட்டா."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் குழந்தையின் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார். மகள் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு அப்பா பின்னால் போனாள்.

பஸ்ஸில் கடைசி சீட்டுதான் கிடைத்தது. பெங்களூர் பஸ் ஏற்றிவிட நாங்களும் தருமபுரி வரை போனோம். குழந்தை என் மடியில் தூங்கியது. பின்கண்ணாடியில் கார் எங்களைத் தொடர்ந்து வருவது தெரிந்தது. பள்ளிக்கூடத்து மேட்டில் பஸ் குதித்து இறங்கியது. குழந்தை ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொண்டது. கார் மேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது. இறக்கிவிட அவரிடம் ஆள் இல்லை. அவரே இறங்கி, சாலையில் மண்டிபோட்டார்.

"வர்றாரா அம்மா?" என்றாள் மகள், திரும்பாமல்.

"குனிஞ்சு பாத்துக்கிட்டு இருக்காரு" என்றேன்.