பழனியண்ணன் படிக்காமல் விட்ட வரி

இன்று மோகனூர் பஸ் ஸ்டாண்டில் பழனியண்ணனைப் பார்த்தேன். எழுத்து தெரியாத என் அப்பாவுக்கு, ஹாஸ்டலிலிருந்து நான் போட்ட கடிதங்களையெல்லாம் படித்துக் காட்டியவர்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது. சேலத்தில் ஓர் இங்கிலீஷ் பள்ளி. பாடம் ஒன்றும் புரியவில்லை. தமிழில் பேசினால் முட்டி போடவேண்டும். வார்டன் படித்துப் பார்த்த பிறகுதான் கடிதம் போகும். அதனால் எல்லா வாரமும் ‘நலமாக இருக்கிறேன்’தான்.

ஒருநாள் வார்டன் படித்துத் திருப்பித் தந்ததும், இன்லண்டு லெட்டரை ஒட்டுவதற்கு முன் மடிப்புக்குள் ஒரு வரி சேர்த்தேன்.

“அப்பா, வந்து என்னைக் கூட்டிப் போங்க.”

ஞாயிறுதோறும் ஹாஸ்டல் கேட் அருகே நின்றேன். அப்பா வரவில்லை. ஐந்து வருடம் அங்கேயே கிடந்தேன். லீவில் ஊருக்கு வந்தபோதும் கேட்கவில்லை. தெரிந்தும் வராதவரிடம் என்ன கேட்பது?

இன்று பழனியண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மிணி, அந்த ஒரு வரிய மட்டும் நான் உங்கப்பாகிட்ட படிக்கல. படிச்சிருந்தா அன்னைக்கே பஸ் ஏறியிருப்பாரு. உன் படிப்பு கெட்டுப்போயிருமுன்னு பயந்துட்டேன் சாமி.”

வீட்டுக்கு வந்தேன். “சாப்புடறயா சாமி?” என்றார் அப்பா. நாற்பது வருடமாக அவரிடம் அளந்துதான் பேசியிருக்கிறேன். இப்போது உண்மையைச் சொன்னால் உடைந்துபோவார்.

பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகர் நான். “மனசுல இருக்கறத யார்கிட்டயாவது சொல்லிடு” என்பதுதான் என் தினசரி அறிவுரை. ஒரு மணி நேரமாக அப்பா பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

எப்படி ஆரம்பிப்பது என்று யாராவது சொல்லுங்களேன்.